சுழற்சிக்கு உள்ளும் புறமும்

சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் நோக்கிப் போகும் இருப்புப்பாதையில், வில்லிவாக்கத்தைக் கடந்ததும் தொடங்கி ஆவடிக்கு அப்பாலும் நீளும் நிலப்பரப்பு ஒரு காலத்தில் ஏரிகளையும் அவற்றின் பாசன வயல்களையுமே நம்பியிருந்த கிராமங்களின் வரிசை என்பதைக் கொரட்டூர் ஏரியும் அம்பத்தூர் ஏரியும் பருத்திப்பட்டு ஏரியும் இன்றும் நமக்கு ஞாபகப்படுத்துகின்றன. சுதந்திரம் வந்து இருபது ஆண்டுகள் நிறைவதற்குள் அந்தப் பிரதேசத்தின் ஜீவனமே அடியோடு மாறிற்று. 1949-இல் தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் ஸ்தாபனம் அம்பத்தூரில் சைக்கிள் செய்ய முற்பட்டது. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை சோஷலிச பாணிச் சமுதாயமே தேசத்தின் லட்சியம் என்று தீர்மானித்தது. 1957-இல் ஆவடியில் முருகப்பா பாலிடெக்னிக் எழுந்தது. 1961-இல் நிறுவப்பெற்ற கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-இன் இறுதியில் ‘விஜயந்தா’ டாங்கி வெளிவந்தது. பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா முதலிய ஆலைகள் வரிசையாக வந்துகொண்டிருந்த அக்காலத்திலேயே, 1964-இல், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் உருவாயிற்று. கடைசல் யந்திரத்தின் ஓசை அந்த வட்டாரத்துத் தெருக்களுக்குக் கோயில் மணியோசையைப் போலப் பழகிப்போயிற்று.

இந்த யந்திர பூமியில் 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வேறொரு வித்தை குடிபுகுந்தது. பாலிடெக்னிக்குகளிலும், மாடிப்படி ஏறிப் போகும் கம்ப்யூட்டர் சென்டர்களிலும், பின்னர் பூந்தமல்லியைச் சுற்றி எழுந்த இன்ஜினீயரிங் கல்லூரிகளிலும், ஆயிரக்கணக்கான இளைஞர்கள் சி என்னும் கணினி மொழியை முதல் மொழியாகக் கற்றார்கள். அவர்கள் என்ன கற்றார்கள் என்பதைப் பாடத்திட்டங்கள் சொல்லும்; எங்கே தடுக்கி விழுந்தார்கள், எப்படி எழுந்தார்கள் என்பதைச் சொல்ல எந்த ஆவணமும் முன்வராது. அவர்களுள் பெரும்பாலோர் முதன்முதலில் தடுக்கி விழுந்த இடம் மிகச் சிறியது: திரும்பத் திரும்ப நடக்க வேண்டிய வரி எது, ஒரே முறை நடக்க வேண்டிய வரி எது என்னும் பாகுபாடு. லூப் என்னும் சுழற்சிக்குள் இருக்க வேண்டியது வெளியே போவதும், வெளியே இருக்க வேண்டியது உள்ளே நுழைவதுமாகிய அந்தப் பிழையின் வரலாற்றைப் பின்தொடர்ந்து போனால், மேற்குப் புறநகரின் கல்வி வரலாற்றில் ஒரு பகுதி தானாகவே புலப்படும் என்பது என் நம்பிக்கை.

இந்தப் பாகுபாடு கணினியோடு பிறந்தது அன்று. நூறு போல்ட்டுகளைக் கடைந்து தரும்படி ஒரு பட்டறைக்கு ஆர்டர் வந்தால், அங்கே முதலில் எழுதப்படுவது பிராசஸ் ஷீட். லேத்தில் டூலைப் பொருத்திக் கட்டி, அளவு வைத்து, முதல் ஜாபைக் கடைந்து கேஜில் சரிபார்ப்பது வரையில் உள்ள வேலைக்குச் செட்டிங் என்று பெயர்; அது நூறு ஜாபுக்கும் சேர்த்து ஒரே தடவை. ஜாபைச் சக்கில் மாட்டுவது, முகம் வெட்டுவது, மரை போடுவது, கழற்றி வைப்பது ஆகிய ஆப்பரேஷன்கள் ஒவ்வொரு ஜாபுக்கும் ஒரு தடவை. எண்ணிப் பெட்டியில் அடைத்துச் சீட்டு எழுதுவது எல்லாம் முடிந்த பின்னர், மறுபடியும் ஒரே தடவை. செட்டிங்கை ஜாப்தோறும் செய்கிறவன் நாள் முழுதும் உழைத்தும் பத்து ஜாபைத் தாண்டமாட்டான். அளவு பார்ப்பதைக் கடைசியில் ஒரே தடவை வைத்துக்கொள்கிறவன், டூல் தேய்ந்துபோனதை அறியாமல் நூறையும் கெடுத்துவிடுவான். இந்த ஞானத்தை அம்பத்தூரின் அப்ரண்டிஸ் எந்தப் புத்தகத்திலும் படித்துப் பெற்றதில்லை. கெட்டுப்போன ஜாபைக் கையில் எடுத்து மேஸ்திரி திட்டிய திட்டே அவனுக்குப் பாடமாக இருந்தது.

கைப்பிடியைச் சுற்றி இயக்கிய யந்திரங்களின் இடத்துக்கு, எழுதி வைத்த கட்டளைகளைப் படித்துத் தாமே இயங்கும் சி.என்.சி. யந்திரங்கள் வந்தபோது இந்த ஞானம் ஒரு லிபியைப் பெற்றது. எண்களால் இயக்கப்படும் வெட்டு யந்திரத்தை அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடம் 1952-இல் செய்துகாட்டியது. அதன் வாரிசுகள் தொண்ணூறுகளிலும் அதற்குப் பின்னும் நம் தொழிற்பேட்டைகளில் பரவலாயின. ஒரு தகட்டில் நான்கு தொளைகள் இட வேண்டுமானால், ஜி 81 என்னும் கட்டளையை முதல் தொளைக்கு ஒரு தரம் கொடுத்துவிட்டு, அடுத்தடுத்த வரிகளில் மற்ற மூன்று தொளைகளின் இடங்களை மட்டும் எழுதினால் போதும். யந்திரம் ஒவ்வோர் இடத்துக்கும் போய்த் தானே தொளையிடும். ஜி 80 என்று எழுதும்வரை அந்தச் சுழற்சி உயிரோடு இருக்கும். நான்காவது தொளைக்கு அடுத்தபடி எழுத வேண்டிய ஜி 80, கைத்தவறுதலால் ஒரு வரி தள்ளிப்போய், இடையிலுள்ள அந்த வரியில் வெறும் தூரங்கள் மட்டுமே இருந்தால், வரைபடத்தில் இல்லாத ஐந்தாவது தொளை தகட்டில் விழுந்துவிடும். லூப்பின் எல்லை ஒரு வரி பிசகினால் என்ன நேரும் என்பதை இரும்பில் இதைவிடப் பிரத்தியட்சமாகக் காட்ட முடியாது.

இனி, சி மொழி இந்த வட்டாரத்துக்கு வந்த வழியைப் பார்ப்போம். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில், 1972-ஐ ஒட்டிய ஆண்டுகளில், டென்னிஸ் ரிட்சி என்பவர், யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை எழுதுவதற்கென்று உருவாக்கிய மொழி அது. அவரும் பிரையன் கெர்னிகனும் சேர்ந்து 1978-இல் வெளியிட்ட சிறு புத்தகம் உலகெங்கும் அம்மொழிக்கு மூல நூலாயிற்று. வாழ்த்துச் சொல்லும் ஒற்றை வரி நிரலுக்கு அடுத்தபடியாக அந்நூல் மாணவனுக்குக் கொடுக்கும் அப்பியாசமே ஒரு சுழற்சிதான்: பாரன்ஹீட் வெப்பநிலையை 0 முதல் 300 வரை இருபது இருபதாக ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் நேரான செல்சியஸ் அளவைப் பட்டியலிட வேண்டும். பட்டியலின் ஒவ்வொரு வரியும் சுழற்சிக்குள்ளிருந்து அச்சாக வேண்டும் என்பதே அங்கே மாணவன் கற்கும் முதல் நியாயம்.

நம் நாட்டில் 1984-இல் மத்திய அரசு வெளியிட்ட கணினிக் கொள்கை இறக்குமதித் தடைகளைத் தளர்த்தியது. 1981-இல் தொடங்கிய என்.ஐ.ஐ.டி.யும் 1986-இல் தொடங்கிய ஆப்டெக்கும் கிளைகளைப் பரப்பின. ஆனால் அம்பத்தூரும் ஆவடியும் கணினிக்குத் தயாராக இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. தமிழ்நாட்டுப் புறநகர்கள் எல்லாவற்றிலும் போலவே இங்கும் தெருவுக்கொரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்தது, எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பையனும் பெண்ணும் ‘லோயர்’, ‘ஹையர்’ என்னும் அரசாங்கப் பரீட்சைகளுக்காக அங்கே விரல் பழகினார்கள். தட்டச்சு யந்திரங்களுக்கு நடுவே கணினியும் இடம் பிடித்தபோது, சென்ற ஆண்டு தட்டச்சு கற்ற கைகளே இந்த ஆண்டு நிரல் எழுதின. தட்டச்சின் முதல் பாடத்தில் இடக்கைச் சிறுவிரல் ‘ஏ’ என்னும் எழுத்திலும், வலக்கைச் சிறுவிரல் அரைப்புள்ளியிலும் குடியேறும் என்பதைக் கற்றவர்கள் அறிவார்கள். சி மொழியிலோ, வாக்கியந்தோறும் இறுதியில் அரைப்புள்ளி வேண்டும். ஆனால் ‘ஃபார்’ என்று தொடங்கும் சுழற்சியின் தலைப்பு வரிக்கு அது கூடாது. பழகிய சிறுவிரல் அந்த வரியின் முடிவிலும் தானே தாழ்ந்துவிட்டால் அதில் வியப்பென்ன?

தனியார் சுயநிதி இன்ஜினீயரிங் கல்லூரிகளுக்குத் தமிழக அரசு 1984-இல் வழிதிறந்துவிட்டது. தொண்ணூறுகளின் பிற்பகுதியிலும் 2000-ஐ ஒட்டியும் அந்த அலை மேற்குப் புறநகரைத் தொட்டது: ஆவடியில் வேல்டெக், பூந்தமல்லி–ஆவடிச் சாலையில் எஸ்.ஏ., நசரேத்பேட்டையில் பனிமலர், சற்றே தள்ளித் தண்டலத்தில் ராஜலட்சுமி, சவீதா என்று கல்லூரிகள் வரிசையாக எழுந்தன. 2001-ஐ ஒட்டி மாநிலத்தின் இன்ஜினீயரிங் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தபின், பாடமும் பரீட்சையும் எல்லார்க்கும் ஒன்றாயின. பல்கலைக்கழகத்தின் 2008, 2013 ஆகிய ஆண்டுகளின் பாடத்திட்டங்களில், சிவில் படிப்பவனும் மெக்கானிக்கல் படிப்பவனும்கூட முதலாண்டில் சி மொழியைக் கற்கவேண்டியிருந்தது. அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்த இ. பாலகுருசாமி எழுதிய சி மொழி நூலும், யஷ்வந்த் கனேட்கரின் ‘லெட் அஸ் சி’யும் பழைய புத்தகக் கடைகளில் கைமாறிக் கைமாறி நைந்துபோயின.

அக்காலத்து லேபுகளின் நீலத்திரையை அறியாத மாணவர் இல்லை. போர்லண்ட் ஸ்தாபனம் 1987-இல் வெளியிட்ட டர்போ சியும், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த அதன் பிந்திய வடிவமும், உலகம் அவற்றைக் கைவிட்டுப் பல்லாண்டுகள் ஆன பின்னரும் இங்கே அரசோச்சின. கன்ட்ரோலோடு எஃப் 9-ஐ அழுத்தினால் நிரல் ஓடும். ஓடிய வேகத்தில் விடை தோன்றி மறைந்து, நீலத்திரை திரும்ப வந்து நிற்கும். விடையே வரவில்லை என்று புதிய மாணவன் திகைப்பான். ஆல்ட்டோடு எஃப் 5-ஐ அழுத்திப் பார்க்கலாம் என்று பக்கத்து நாற்காலிக்காரன் சொல்லுவான். அந்தத் தொல்லை வேண்டாம் என்று, ஒரு விசையை அழுத்தும்வரை திரையை நிறுத்தி வைக்கும் ‘கெட்ச்’ என்னும் கட்டளையைக் கடைசி வரியாக எழுதுவதும், பழைய விடையைத் துடைக்கும் ‘கிளியர் ஸ்கிரீன்’ கட்டளையைத் தொடக்கத்தில் எழுதுவதும் சடங்காகவே நிலைபெற்றன. இந்த இரண்டும் இடம் மாறியதால் உண்டான குழப்பங்கள் கொஞ்சமல்ல. துடைக்கும் கட்டளை லூப்புக்குள் அகப்பட்டுக்கொண்டால், அச்சாகும் ஒவ்வொரு விடையையும் அடுத்த சுற்று அழித்துவிடும். நிரல் பத்து முறை உழைத்தும் பத்தாவது விடை மாத்திரமே மிஞ்சும். நிறுத்தும் கட்டளை உள்ளே அகப்பட்டுக்கொண்டால், ஒவ்வொரு விடைக்கும் ஒரு தரம் விசையை அழுத்தினாலன்றி நிரல் நகராது.

விடையைப் பார்த்தே பிழையின் இடத்தைச் சொல்லிவிடலாம் என்பதற்கு முதல் வாரத்துப் பயிற்சி ஒன்றே போதும். 1 முதல் 10 வரையுள்ள எண்களைக் கூட்ட வேண்டும், விடை 55. கூட்டுத்தொகை என்னும் பெட்டியில் முதலில் சுழியை வைத்து, லூப்புக்குள் ஒவ்வோர் எண்ணாகச் சேர்த்து, லூப் முடிந்த பின் அச்சிடுவது முறை. அச்சிடும் வரி உள்ளே போய்விட்டால் 1, 3, 6, 10, 15 என்று தொடங்கிப் பத்து விடைகள் வந்து, கடைசியில் 55 நிற்கும். சுழியை வைக்கும் வரி உள்ளே போய்விட்டால், ஒவ்வொரு சுற்றிலும் சேர்த்தது அழிந்து, கடைசி எண்ணாகிய 10 மட்டுமே விடையாகும். எல்லையைக் குறிக்கும்போது ‘பத்து வரை’ என்பதற்குப் பதில் ‘பத்துக்குக் குறைவாக’ என்று எழுதிவிட்டால் 45. தலைப்பு வரியின் முடிவில் அரைப்புள்ளி விழுந்துவிட்டால், லூப் யாதொரு காரியமும் செய்யாமல் பத்துத் தரம் சுற்றி ஓய்ந்து, எண் 11-ஐ அடைந்த பின்னரே கூட்டும் வரி ஒரே முறை நடக்கும், விடை 11. ஆகவே 45, 11, 10 என்னும் மூன்று எண்களும் மூன்று வெவ்வேறு பிழைகளின் அடையாளங்கள். நிரலை யந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரோ இவற்றுள் எதையும் பிழையென்று சொல்லாது. இலக்கணத்தில் குற்றமில்லை, பொருளில்தான் குற்றம்.

வாய்ப்பாடு அச்சிடும் பயிற்சியில் பிழைக்கு இன்னும் விசாலமான இடம் உண்டு, ஏனெனில் அதில் லூப்புக்குள் லூப். பத்துக்குப் பத்து வாய்ப்பாட்டில், உள் லூப் ஒரு வரிசையின் பத்து எண்களை அச்சிட்டு முடித்ததும், வெளி லூப்புக்குள்ளேயே, உள் லூப்புக்கு வெளியே, அடுத்த வரிக்குப் போகும் கட்டளை இருக்க வேண்டும். அது உள் லூப்புக்குள் புகுந்துவிட்டால் நூறு எண்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடும். இருபத்தைந்து வரிகளே கொள்ளும் டர்போ சியின் திரையில் பத்தாம் வாய்ப்பாடும் ஒன்பதாம் வாய்ப்பாடும் எட்டாம் வாய்ப்பாட்டின் கடைசிச் சில எண்களும் எஞ்ச, மற்றவை மேலே மறைந்துபோம். இரண்டு லூப்புகளுக்கும் வெளியே போய்விட்டாலோ எண்பது பத்திகளும் நிரம்பி வழிந்து, எண்கள் வரிசை கலைந்து நிற்கும். ஒரே கட்டளைக்கு மூன்று இடங்கள். மூன்று இடங்களுக்கும் மூன்று விதமான அவுட்புட். லூப்பின் எல்லையைக் குறிக்கும் நெளிவு அடைப்பு எங்கே திறந்து எங்கே மூடுகிறது என்பதைப் பென்சிலால் கோடிழுத்துப் பார்த்தவனுக்கு இது ஒரு நிமிஷ வேலை. பார்க்காதவனுக்கு ஒரு லேப் வகுப்பு முழுதும் போதாது.

இப்பிழைகளைத் தீர்க்கும் முறையும் பட்டறையிலிருந்து வெகுதூரம் விலகியதன்று. நல்லாசிரியர்கள் மாணவனைக் கணினியின் முன்னிருந்து எழுப்பி, காகிதத்தில் மூன்று பத்திகள் போடச் சொல்லுவார்கள்: சுற்றும் எண்ணுக்கு ஒன்று, கூட்டுத்தொகைக்கு ஒன்று, திரையில் தெரிவதற்கு ஒன்று. பிறகு மாணவன் தானே கணினியாகி, வரிக்கு வரி விரலை வைத்து நகர்ந்து, ஒவ்வொரு பெட்டியிலும் என்ன மாறுகிறது என்று எழுதிக்கொண்டே போக வேண்டும். இதற்கு டிரை ரன் என்று பெயர். எழுத வேண்டும் என்று தான் நினைத்ததை மறந்துவிட்டு, தான் எழுதியதை மட்டுமே நிறைவேற்றும் நேர்மை இதற்கு வேண்டும். அரைப்புள்ளியைக் கண்டதும், லூப் அங்கேயே முடிந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். எஃப் 7-ஐ அழுத்தி ஒவ்வொரு வரியாக நடத்திப் பார்க்கவும், மாறும் மதிப்புகளைச் சிறு சாளரத்தில் கவனிக்கவும் டர்போ சியிலேயே வசதி இருந்தது. ஆயினும் காகிதத்தில் நடத்திப் பழகாதவனுக்கு அந்தச் சாளரம் பயன்பட்டதில்லை.

இது கற்றுக்குட்டிகளின் சங்கடம் என்று தள்ளிவிட வேண்டாம். 1990 ஜனவரி 15-ஆம் தேதி அமெரிக்காவின் ஏ.டி. அண்டு டி. கம்பெனியின் நெடுந்தொலைவுத் தொலைபேசி வலை ஏறக்குறைய ஒன்பது மணி நேரம் முடங்கியதற்கு, சி மொழி நிரல் ஒன்றில் ‘பிரேக்’ என்னும் ஒற்றைக் கட்டளை, நிரலாளர் எண்ணிய எல்லையை விட்டு வேறோர் எல்லையிலிருந்து வெளியேற்றிவிட்டதே காரணம். சி மொழி பிறந்த பெல் ஆய்வுக்கூடம் அக்காலத்தில் அந்தக் கம்பெனியைச் சேர்ந்திருந்தது என்பது கவனிக்கத்தக்கது. 2014 பிப்ரவரியில் ஆப்பிள் கம்பெனி அவசரமாகத் திருத்திய பாதுகாப்புப் பிழையும் இவ்வினத்தைச் சேர்ந்ததே: ஒரே வரி இரண்டு தரம் எழுதப்பட்டிருந்தது, அடைப்பு இல்லாததால் முதல் வரி மாத்திரம் நிபந்தனைக்குள் அடங்க, உள்ளே இருப்பதுபோல் தள்ளி எழுதப்பட்ட இரண்டாவது வரி நிபந்தனையின்றி எப்போதும் நடந்து, பின்னால் வரவேண்டிய சோதனையைத் தாண்டிப் போயிற்று. கண்ணை ஏமாற்றும் இத்தகைய தள்ளி எழுதுதலைக் கண்டு எச்சரிக்கும் வசதி, 2016-இல் வெளிவந்த ஜி.சி.சி. கம்பைலரின் ஆறாம் பதிப்பில் சேர்க்கப்பட்டது.

இதற்கிடையே பாடத்திட்டங்களும் மாறின. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017-ஆம் ஆண்டுத் திட்டத்தில் முதல் பருவத்தின் பொதுப் பாடமாகப் பைத்தான் வந்தது. 2019-இல் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் நூலிலும் பைத்தான் இடம்பெற்றது. அம்மொழியில் லூப்பின் எல்லையைக் குறிக்க நெளிவு அடைப்பும் இல்லை, வரியிறுதி அரைப்புள்ளியும் வேண்டியதில்லை. தள்ளி எழுதுவதே எல்லை. ஆகையால் கண்ணுக்கு ஒன்றும் கணினிக்கு ஒன்றுமாகத் தோன்றும் பிழை அங்கே மிகவும் குறைவு. ஆனால் அச்சிடும் வரியை நான்கு இடம் உள்ளே தள்ளினால் பத்து விடைகளும், வெளியே இழுத்தால் ஒரே விடையும் வருவது அங்கேயும் அப்படியேதான். உள்ளும் புறமும் அறியும் விவேகத்தை எந்த மொழியும் மாணவனுக்குப் பதிலாகச் செய்து கொடுத்துவிடாது.

இவ்வளவும் சொன்ன பின், நம் லேபுகளின் ரெக்கார்ட் நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நோக்கம், அல்காரிதம், நிரல், அவுட்புட், முடிவு என்று ஐந்து தலைப்புகள். எல்லாப் பக்கங்களிலும் சரியான நிரல், சரியான விடை, ‘வெற்றிகரமாக நிறைவேற்றப்பட்டது’ என்னும் ஒரே முடிவு. முப்பது ஆண்டுகளாக ஆவடியிலும் பூந்தமல்லியிலும் எழுதிக் குவிந்த ரெக்கார்டுகளை ஒருவர் புரட்டிப் பார்த்தால், இங்கே எவரும் ஒரு பிழையும் செய்ததில்லை என்றே எண்ணிக்கொள்வார். பட்டறை இவ்விஷயத்தில் கல்லூரியைவிட யோக்கியமானது: அங்கே கெட்டுப்போன ஜாபுக்கென்று ஒரு சிவப்புப் பெட்டி உண்டு, எந்த ஆப்பரேஷனில் கெட்டது என்று அதற்கு ஒரு சீட்டும் உண்டு.

ஆசிரியப் பெருமக்களுக்கு என் விண்ணப்பம் இது. ரெக்கார்ட் நோட்டின் வலப்பக்கத்தில் 55 என்னும் விடையை எழுதச் சொல்லுங்கள். கோடு போடாத இடப்பக்கத்தில், அதற்கு முன் வந்த 45-ஐயும் 11-ஐயும் 10-ஐயும், அவை வந்த காரணத்தோடு எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதிய மாணவனுக்கு மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள், கூட்டிக் கொடுங்கள்.